நடிப்பவர்தான் தலைவரா?

ஆண்டு விழா நாடகம் முடிந்ததும் நம் பள்ளிகளில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கட்டபொம்மனாக வந்தவனைச் சுற்றி ஒரு கூட்டம். சிறப்பு விருந்தினர் கை கொடுப்பார், தலைமையாசிரியர் முதுகில் தட்டுவார், மறுநாள் முதல் அவன் பெயரே கட்டபொம்மன் ஆகிவிடும். அதே நேரத்தில் மேடைக்குப் பின்னால் ஒரு மாணவியோ மாணவனோ அட்டைக் கத்திகளை எண்ணிக்கொண்டிருப்பார். வாடகைக்கு எடுத்த உடைகளில் ஒன்று குறைந்தால் கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியது அவர்தான். ஒரு மாதமாக எல்லோரையும் ஒத்திகைக்கு இழுத்து வந்ததும் அவர்தான்.

இவருக்கு நம் பள்ளிகளில் ஒரு பெயர்கூடக் கிடையாது. நடித்தால் நடிகர். நடிக்காமல் நாடகத்தையே நடத்திக் கொடுத்தால்? "கூட மாட ஹெல்ப் பண்ணினான்" என்பார்கள். அவ்வளவுதான்!

என் கருத்து இதுதான். பள்ளி நாடகத்தில் நடிப்பது ஒரு வேலை, நாடகத்தை நடத்துவது வேறொரு வேலை. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டாவது வேலையையும் மாணவர்களிடமே கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மரியாதை தர வேண்டும். இப்படிச் செய்யாதவரை நம் பள்ளி நாடகங்கள் பத்து நிமிடக் கைதட்டலோடு முடிந்துபோகும்.

முதலில் இப்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நாடகத்தை எழுதுபவர் தமிழய்யா. யார் எந்த வேடம் என்று முடிவு செய்பவரும் அவரே. ராஜா வேடத்துக்குக் கணீர் குரல் வேண்டும், ராணி வேடத்துக்குச் சிவப்பாக இருக்க வேண்டும் (ஆமாம், இன்றைக்கும்தான்!). மீதி வேடங்களில் பாதி, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குப் போய்விடும். "அவன்தான் வசனத்தை மறக்க மாட்டான்" என்று காரணம் சொல்வார்கள். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் 1959-இல் வந்தது. இத்தனை ஆண்டுகள் ஆகியும் பள்ளி மேடைக் கட்டபொம்மன்கள் சிவாஜி மாதிரியே கர்ஜிக்கிறார்கள். அந்த வசனத்தை வேறு விதமாகவும் பேசிப் பார்க்கலாமே என்று யோசிக்க மாணவனுக்கு யாரும் இடம் கொடுப்பதில்லை.

இன்னும் சில பள்ளிகளில் வசனத்தை முன்பே பதிவு செய்து ஓடவிட்டு, மேடையில் பிள்ளைகளை வாயசைக்க மட்டும் வைக்கிறார்கள். மைக் சொதப்பாது, வசனம் மறக்காது, பெற்றோர் எடுக்கும் வீடியோவும் நன்றாக வரும். எல்லாம் சரிதான். ஆனால் வசனம் மறந்துபோனால் பக்கத்தில் நிற்பவன் எப்படிச் சமாளிப்பான் என்பதுதானே நாடகம் கற்றுத்தரும் முதல் பாடம்? அதை எடுத்துவிட்ட பிறகு மிச்சம் இருப்பது உடை அலங்காரப் போட்டி!

தமிழ் நாடகத்துக்கு இது பழக்கமில்லாத விஷயமா என்றால், கிடையவே கிடையாது. பம்மல் சம்பந்த முதலியார் சில நண்பர்களோடு சேர்ந்து சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியது 1891-இல். அப்போது அவர் படித்துக்கொண்டிருந்த பதினெட்டு வயது இளைஞர். நாடகம் என்றால் படித்த குடும்பங்கள் முகம் சுளித்த காலம் அது. அவர் எழுதினார், நடித்தார், கூடவே ஒத்திகை பார்த்து ஒரு குழுவையும் கட்டிக் காத்தார். பின்னாளில் வக்கீலாகி நீதிபதியாகவும் ஆனவர், தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். நவீனத் தமிழ் நாடகத்தின் தந்தை என்று இன்று நாம் சொல்பவர், ஒரு மாணவத் தலைவராகத்தான் தொடங்கினார்.

இன்னொரு பக்கம் பாய்ஸ் கம்பெனிகள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களை வைத்து ஒரு நாடக சபையை ஏற்படுத்தினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கேதான் சேர்ந்தார்கள். அந்தச் சகோதரர்கள் 1925-இல் சொந்தமாகக் கம்பெனி தொடங்கியபோது, பிற்காலத்தில் அவ்வை சண்முகம் என்று புகழ்பெற்ற டி.கே. சண்முகத்துக்கு வயது ஏறக்குறைய 13 தான். இன்றைய கணக்கில் எட்டாம் வகுப்பு! அந்தக் கம்பெனி வாழ்க்கையை நான் புகழவில்லை. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள், வீட்டைப் பிரிந்த பிள்ளைகள், வாத்தியாரிடம் அடி வாங்கிய பிள்ளைகள் நிறைந்த உலகம் அது. மறுபடியும் வரவே கூடாது. ஆனால் ஒன்று மட்டும் அதிலிருந்து தெரிகிறது. அந்த வயதுப் பிள்ளைகளால் நாடகத்தின் பொறுப்பைச் சுமக்க முடியும்.

இப்போது அமெரிக்கப் பக்கம் கொஞ்சம் பார்ப்போம். அங்கே உயர்நிலைப் பள்ளி நாடகங்களில் ஆசிரியர்தான் பெரும்பாலும் இயக்குநர். ஆனால் 'ஸ்டேஜ் மேனேஜர்' ஒரு மாணவர். ஒத்திகையில் யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது உள்ளே வர வேண்டும் என்பதையெல்லாம் அவர் தன் பிரதியில் குறித்துக்கொள்வார். நாடகம் நடக்கும் அன்று எந்த இடத்தில் விளக்கு மாற வேண்டும், எந்த இடத்தில் சத்தம் வர வேண்டும், எப்போது திரை விழ வேண்டும் என்று குரல் கொடுப்பவர் அந்த மாணவர்தான். அவர் சொல்லாமல் திரை எழாது.

அங்கே இண்டர்நேஷனல் தெஸ்பியன் சொசைட்டி என்று ஓர் அமைப்பு 1929-இல் மேற்கு வர்ஜீனியாவின் ஃபேர்மாண்ட் நகரில் தொடங்கப்பட்டது. பள்ளி நாடகத்தில் ஈடுபடும் மாணவர்களுக்கான கௌரவ அமைப்பு அது. அதில் சேர மாணவர்கள் புள்ளிகள் சேர்க்க வேண்டும். மேடையில் நடித்த நேரத்துக்கும் புள்ளி உண்டு, தட்டி அடித்த நேரத்துக்கும் உடை தைத்த நேரத்துக்கும் விளக்குப் போட்ட நேரத்துக்கும் புள்ளி உண்டு. கிரேக்க மரபில் முதல் நடிகர் என்று சொல்லப்படுபவர் தெஸ்பிஸ். அவர் பெயரில் இருக்கும் அமைப்பே நடிக்காதவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது பாருங்கள்! அமெரிக்காவில் ஹீரோ மோகம் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் திரைக்குப் பின்னால் இருப்பவருக்கு அங்கே ஒரு பதவிப் பெயர் இருக்கிறது, ஒரு கணக்கும் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், கேரளாவுக்குப் போவோம். அங்கே மாநிலப் பள்ளிக் கலைவிழா 1957-இல் எர்ணாகுளத்தில் தொடங்கியது. 1986-இல் அதிகப் புள்ளிகள் எடுக்கும் மாணவிக்குக் கலாதிலகம், மாணவனுக்குக் கலாபிரதிபா என்று பட்டங்கள் கொடுக்க ஆரம்பித்தார்கள். மஞ்சு வாரியர் மாதிரி நடிகைகள் அந்த மேடையில் பட்டம் வாங்கியவர்கள்தான். பட்டம் வந்ததும் போட்டி எப்படி இருந்திருக்கும்? ஒரே பிள்ளை பல நிகழ்ச்சிகளுக்கு ஓட வேண்டும், பெற்றோர் பணத்தைக் கொட்ட வேண்டும், தீர்ப்பு பிடிக்காவிட்டால் அப்பீல், கோர்ட், கேஸ்! சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பட்டங்களையே கைவிட்டார்கள். தனி மாணவருக்கு கிரேடு, மொத்தப் புள்ளிகளில் முதலிடம் பிடிக்கும் மாவட்டத்துக்குத் தங்கக் கோப்பை என்று ஆகிவிட்டது.

நம் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழா 2022-23 கல்வியாண்டில் தொடங்கப்பட்டது. மிக நல்ல முயற்சி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆண்டு விழாகூட ஒழுங்காக நடக்காத ஊர்களிலிருந்து பிள்ளைகள் மாநில மேடை வரை வந்தார்கள். ஆனால் அப்போது அறிவிக்கப்பட்ட பட்டங்கள் என்ன தெரியுமா? கலையரசன், கலையரசி! பக்கத்து மாநிலம் பட்டுத் தெரிந்துகொண்டு விட்ட இடத்திலிருந்து நாம் தொடங்கினோம். பாட்டுக்கும் ஓவியத்துக்கும் அரசன் அரசி இருந்துவிட்டுப் போகட்டும். நாடகம் ஒரு கூட்டு வேலை. அதில் யாருக்குக் கிரீடம் வைப்பீர்கள்?

நான் ப்ளஸ் ஒன் படித்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் கண்ணகி வழக்குரைக்கும் காட்சியை நாடகமாகப் போட்டார்கள். விழா அன்று காலை பாண்டியனுக்குக் காய்ச்சல். ஆசிரியர்கள் நாடகத்தையே ரத்து செய்யலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்த ஒரு மாணவி வந்து, "வாயிற்காவலனுக்கு ராஜா வசனம் முழுக்கத் தெரியும் சார்" என்றாள். எப்படி? ஒத்திகைக்கு யாராவது வராத நாட்களில் வேறு ஒருவரை நிறுத்தி வசனம் சொல்ல வைப்பாளாம். யார் எதைப் படித்திருக்கிறார்கள் என்று நோட்டில் எழுதியும் வைத்திருந்தாள்! காவலன் ராஜா ஆனான், நாடகம் நடந்தது, பரிசும் கொடுத்தார்கள். கண்ணகிக்கும் புது பாண்டியனுக்கும். அந்த மாணவியின் பெயரை மைக்கில் யாரும் சொல்லவில்லை.

தலைமை என்றால் என்ன என்று கேட்டால் நான் அந்த நோட்டைத்தான் காட்டுவேன். நம் பள்ளிகளில் எஸ்.பி.எல். உண்டு, வகுப்பு லீடர் உண்டு. அவர்கள் வேலை என்ன? பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது, பிரேயரில் உறுதிமொழி சொல்லிக் கொடுப்பது. அந்த அதிகாரம் ஆசிரியர் கொடுத்தது, பின்னால் ஆசிரியரின் பிரம்பு இருக்கிறது. நாடகத்தை நடத்தும் மாணவருக்குப் பிரம்பு கிடையாது. தன் வயதுக்காரர்கள் இருபது பேரைச் சாயங்காலம் விளையாடப் போகவிடாமல் நிறுத்தி வைக்க வேண்டும். கோபித்துக்கொண்டு போனவளைச் சமாதானம் செய்து கூட்டி வர வேண்டும். நன்றாக நடிக்கிறோம் என்ற கர்வத்தில் தாமதமாக வருபவனிடம் "நீ வராவிட்டால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்க வேண்டும். பெரியவர்களுக்கே கஷ்டமான வேலை இது!

நடிகருக்கும் இதில் லாபம் உண்டு. ஆசிரியர் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். தன்னோடு ஒரே பெஞ்சில் உட்காருபவள் "இந்த இடத்தில் நீ சத்தம் போடுகிறாய், நடிக்கவில்லை" என்று சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ளத் தெரிவது பெரிய விஷயம். முக்கியமாக ஆண் பிள்ளைகளுக்கு!

இதற்கு மூன்று எதிர்ப்புகள் வரும் என்று தெரியும்.

முதலாவது, "பிள்ளைகளிடம் விட்டால் சொதப்பிவிடுவார்கள்." சொதப்பட்டும். பள்ளி நாடகம் டிக்கெட் போட்டு விற்பதில்லை. ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும், கேட்டால் வழி சொல்லட்டும். கையைப் பிடித்து எழுத வேண்டாம்.

இரண்டாவது, "பப்ளிக் எக்ஸாம் இருக்கிறது." பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் நாடகத்திலிருந்து ஒதுக்கி வைக்கும் பள்ளிகள் எத்தனையோ! மேடையைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். நடிக்க நேரம் இல்லையென்றால், வாரத்தில் ஒரு மாலை வந்து ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கலாமே? அதற்கு மார்க் குறைந்துவிடுமா?

மூன்றாவது, "நடிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை, பின்னால் நிற்க யார் வருவார்கள்?" அங்கே மரியாதை இல்லாததால்தான் யாரும் வருவதில்லை. மரியாதை கொடுத்துப் பாருங்கள். மேடை என்றாலே கை கால் நடுங்கும் பிள்ளை, திக்கிப் பேசும் பிள்ளை, கூச்சத்தால் கடைசி பெஞ்சில் ஒளிந்துகொள்ளும் பிள்ளை, எல்லோருக்கும் நாடகத்தில் இடம் கிடைக்கும்.

என்ன செய்யலாம்? பெரிய செலவு எதுவும் இல்லை.

1. ஒவ்வொரு பள்ளி நாடகத்துக்கும் ஒரு மாணவ நெறியாளர், ஒரு மாணவ மேடைப் பொறுப்பாளர் என்று பெயர் சொல்லி நியமியுங்கள். அவர்கள் அந்த நாடகத்தில் நடிக்கக் கூடாது.

2. அவர்களை மார்க் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். போன வருடம் ஒத்திகைக்கு ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தது யார் என்று விசாரித்தாலே ஆள் கிடைத்துவிடும்.

3. நாடகம் முடிந்ததும் மேடையில் எல்லோரும் நிற்கட்டும். திரை இழுத்தவர், உடை மாட்டிவிட்டவர், மைக் பார்த்துக்கொண்டவர் எல்லோர் பெயரையும் வாசியுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும். சிறப்பு விருந்தினர் உரையில் குறைத்துக்கொள்ளலாம்!

4. கலைத் திருவிழா நாடகப் போட்டியில் மாணவர் நெறியாள்கைக்கு என்று ஒரு தனிப் பரிசு வையுங்கள்.

நடித்தவர்களில் ஆயிரத்தில் ஒருவர் சினிமாவுக்கோ மேடைக்கோ போகலாம். மற்றவர்கள் அலுவலகங்களுக்கும் வயல்களுக்கும் கடைகளுக்கும் வகுப்பறைகளுக்கும் போகப்போகிறார்கள். அங்கெல்லாம் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு, சண்டை போடாமல், சொன்ன நேரத்துக்கு ஒரு காரியத்தை முடிக்கத் தெரிய வேண்டும். பாடப் புத்தகத்தில் அதற்குப் பாடம் கிடையாது. பள்ளி நாடகத்தில் இருக்கிறது, ஆனால் அதை ஆசிரியர்களே கையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளிடம் கொடுங்கள், பார்த்துக்கொள்வார்கள்.