முதல் சமிக்ஞை விளக்கில் பிடிக்காத பந்தய பிரேக் எதற்கு?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரக் கார் பந்தயத்துக்கான பயிற்சியின்போது நடிகர் அஜித்குமாரின் போர்ஷே கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அந்தக் காணொளியை நம்மில் பலர் திரும்பத் திரும்பப் பார்த்திருப்போம். அவர் காயமின்றி இறங்கியதைக் கண்டு பெருமூச்சு விட்டோம். சில நாட்களில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது கைதட்டினோம். பயிற்சியில் நடந்த விபத்துக்கு பிரேக் செயலிழந்ததே காரணம் என்று அவர் தரப்பு தெரிவித்தது. அந்த ஒரு வரியை மட்டும் நாம் வேகமாகக் கடந்துவிட்டோம்.

கார் என்று பேச்செடுத்தாலே நம் வயதினருக்கு வேகம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. பகுதி நேர வேலையில் சேர்த்த ரிங்கிட்டெல்லாம் ரிம்முக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் போகிறது. பிரேக்குக்குச் செலவு செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலர் பெட்டியின் மேல் ‘ரேசிங்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தே பேட் வாங்குகிறார்கள். என் அண்ணனும் அப்படித்தான் வாங்கினார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

அண்ணனிடம் இருப்பது இரண்டு கதவுகள் கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஒரு சனிக்கிழமை அதற்குப் பந்தய வகை பேட்களைப் பொருத்தினார். மறுநாள் பாலேக் பூலாவுக்குப் போகும் துன் சர்டோன் சாலையில் ஏறி இறங்கினோம். வளைவுக்கு வளைவு பிரேக் கவ்விப் பிடித்தது. “பார்த்தியா, இதுதான் பிரேக்!” என்றார் அண்ணன். திங்கட்கிழமை காலை, இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. வீட்டிலிருந்து கிளம்பி ஆயர் ஈத்தாமில் முதல் சமிக்ஞை விளக்கை நெருங்கும்போது அண்ணன் வழக்கம்போல் பிரேக்கை மிதித்தார். பெடல் கல்லைப்போல் இருந்தது. காரோ நகர்ந்துகொண்டே போனது. முழு பலத்தையும் கொடுத்து மிதித்த பிறகுதான் நின்றது. எங்களுக்கு முன்னால் கப்ச்சாயில் ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய பின்சக்கரத்துக்கும் எங்கள் பம்பருக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பச்சை விழுந்ததும் போய்விட்டார். எங்கள் இருவருக்கும் அடுத்த சந்திப்பு வரை பேச்சு வரவில்லை.

அந்த பேட் போலியும் இல்லை, பழுதானதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மலைச்சாலையில் அபாரமாகப் பிடித்ததும் அதேதான். திங்கட்கிழமை காலை பிடிக்காமல் போனதும் அதேதான். இடையில் மாறியது ஒன்றே ஒன்று: சூடு.

இதை நம் இயற்பியல் பாடத்தைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். ஓடும் காரிடம் இயக்க ஆற்றல் இருக்கிறது. பிரேக் அதை அழிப்பதில்லை, வெப்பமாக மாற்றுகிறது. 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 108 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் செல்வதாக வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 450 கிலோஜூல். ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். அந்த வெப்பத்தின் பெரும்பகுதியைச் சில வினாடிகளில் நான்கு சக்கரங்களின் பிரேக்குகள் வாங்கிக்கொள்ள வேண்டும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

பந்தயத் தடத்தில் இது சுற்றுக்குச் சுற்று, ஆறுவதற்கு நேரமே இல்லாமல் நடக்கிறது. எனவே பந்தய பேட்டுக்கான கலவையைக் கடும் சூட்டில் பிடி தளராதபடி தயாரிக்கிறார்கள். அதற்கு ஒரு விலை உண்டு. அத்தகைய பேட்கள் பல 200 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறிய பிறகே முழுப் பிடிப்பைத் தருகின்றன. 1999 முதல் 2017 வரை செப்பாங்கில் நடந்த பார்முலா 1 பந்தயங்களில் ஓடிய கார்களின் கார்பன் பிரேக்குகளும் ஆறிய நிலையில் சரியாகப் பிடிக்காதவைதான். அதனால்தான் பந்தயம் தொடங்கும் முன்பே ஓட்டுநர்கள் அவற்றைச் சூடேற்றிக்கொள்கிறார்கள். ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் போகும் காருக்கு அந்த வாய்ப்பு கிடையாது. ஜார்ஜ்டவுன் நெரிசலில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது டிஸ்க் அந்த அளவுக்குச் சூடாவதும் இல்லை.

ஆகவே பந்தய பேட்டைச் சாலை பேட்டைவிட ‘உயர்ந்தது’ என்று நினைப்பதே தவறு. அது வேறு வேலைக்கான வேறு பொருள். கால்பந்துக் காலணியை மாட்டிக்கொண்டு பளிங்குத் தரையில் ஓடினால் வழுக்கத்தான் செய்யும். காலணி மட்டமானது என்று பொருளல்ல.

அப்படியானால் நல்ல பிரேக் எது? ஆறிய நிலையிலும், மழையில் நனைந்த நிலையிலும், முதல் மிதியிலேயே பிடிக்க வேண்டும். அதோடு காலுக்குத் தெளிவாகப் ‘பேச’ வேண்டும். மெல்ல மிதித்தால் மெல்லவும், கூடுதலாக மிதித்தால் அதே அளவில் கூடுதலாகவும் பிடிக்க வேண்டும். தொட்டவுடன் தூக்கியடிக்கும் பிரேக் பலமானதுபோல் தோன்றும். ஆனால் மழையில் அளந்து மிதிக்க அதில் இடமிருக்காது. கார் பிரியர்கள் ‘பிரேக் ஃபீல்’ என்று சொல்வது இதைத்தான். அது ஆடம்பரம் அல்ல, ஓட்டுபவருக்குக் கிடைக்கும் தகவல்.

பெடல் சொல்லும் செய்திகளைத் தெரிந்துகொள்ளச் செலவு எதுவும் இல்லை. பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் பிரேக் ஆயிலில் காற்றோ ஆவியோ இருக்கலாம். பெடல் உறுதியாக இருந்தும் கார் நிற்க மறுத்தால் பேட் அதிகம் சூடேறிப் பிடி தளர்ந்திருக்கலாம். எங்களுக்கு நேர்ந்ததுபோல் சூடு போதாமலும் இருக்கலாம். மிதிக்கும்போது பெடல் அதிர்ந்தால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். கீச்சென்ற சத்தம் கேட்டால் பேட் தேய்ந்துவிட்டதை அறிவிக்கும் தகடு உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். வானொலியைக் கூட்டி வைத்து அந்தச் சத்தத்தை மறைப்பதில் பயனில்லை.

பேட் வாங்கும்போது நிறத்தையும் பெட்டியையும் விட்டுவிட்டு மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம். முதலாவது, நாம் எங்கே ஓட்டுகிறோம் என்பது. வாரத்தில் ஆறு நாள் வகுப்புக்கும் சந்தைக்கும் போகும் காருக்கு, தயாரிப்பாளர் பொருத்திய பேட் அல்லது அதற்கு இணையான பேட்தான் பொருத்தம். இரண்டாவது, ஆர்90 என்ற ஐ.நா. விதிமுறையின் சான்றுக் குறி. அசல் பேட்டின் செயல்திறனிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகாத மாற்றுப் பேட்டுக்கே கார்களில் அந்தச் சான்று கிடைக்கும். மூன்றாவது, சில பேட்களின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள். முதல் எழுத்து சாதாரண சூட்டில் உள்ள உராய்வையும், இரண்டாவது கடும் சூட்டில் உள்ள உராய்வையும் குறிக்கும். இ என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.45 வரை, ஜி என்றால் 0.55 வரை. பேட் தரமானதா என்பதை இந்த எழுத்துகள் மட்டுமே சொல்லிவிடாது. ஆனாலும் கடைக்காரரிடம் கேள்வி கேட்க உதவும்.

பேட்டுடன் பிரேக் ஆயிலையும் மறந்துவிடக்கூடாது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு வகுத்திருக்கும் குறைந்த அளவோ 155 பாகைதான். நம் ஊரின் ஈரப்பதத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்ற ஆகும் செலவு ஒரு ரிம்மின் விலைகூட வராது.

“பிரேக் பலமாக இருந்தால் நல்லதுதானே? ஸ்போர்ட்ஸ் காருக்கு ஸ்போர்ட்ஸ் பிரேக் வேண்டாமா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். செப்பாங்கில் தடம் திறந்துவிடும் நாட்களில் ஓட்டப் போகிறவர் பேட்டையும் ஆயிலையும் அதற்கேற்ப மாற்றியே ஆக வேண்டும். சாதாரண பேட் அங்கே சில சுற்றுகளில் திணறிவிடும். ஆனால் அவர் வீடு திரும்பும் முன் பழைய பேட்டையும் மாட்டிக்கொள்ள வேண்டும். மலைச்சாலைக்காக என்று சொல்பவர்களுக்கு வேறு பதில் இருக்கிறது. கெந்திங், கேமரன் மலை இறக்கங்களில் குறைந்த கியரில் இறங்கச் சொல்லும் பலகைகளை வைத்திருப்பது பிரேக்குக்கு ஓய்வு கொடுக்கத்தான். வேகத்தைக் குறைத்தால் கிடைக்கும் பாதுகாப்பை எந்தக் கடையிலும் காசு கொடுத்து வாங்க முடியாது.

வாகனமோட்டும் உரிமம் எடுக்கும்போது நாம் காரை நகர்த்தவும் திருப்பவும் நிறுத்தி வைக்கவும் பழகுகிறோம். திடீரென்று நிறுத்த வேண்டி வந்தால் எவ்வளவு மிதிக்க வேண்டும், அப்போது பெடல் எப்படி இருக்கும் என்பதை நம்மில் எத்தனை பேர் பழகியிருக்கிறோம்? பல்கலைக்கழகங்களிலும் இடைநிலைப்பள்ளிகளிலும் உள்ள வாகனக் கழகங்கள், ஆளில்லாத திடலில் ஒரு பயிற்றுநரை வைத்து ஆண்டுக்கு ஒரு நாளாவது இதைக் கற்றுத்தரலாம். காரை அலங்கரிக்கும் போட்டியைவிட இது பயனுள்ளது.

அன்று மாலையே அண்ணன் பட்டறைக்குப் போய்ச் சாதாரண பேட்டை மாட்டிக்கொண்டு வந்தார். அதற்கு ஒரு பகுதி நேரச் சம்பளம் வீணானது. “போகட்டும்” என்றார். இப்போது காலையில் கிளம்பும்போது, வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் ஒருமுறை பிரேக்கை மிதித்துப் பார்க்கிறார். நானும் அதைப் பழகிக்கொண்டேன். அந்தப் பெரியவருக்கு நாங்கள் யாரென்று தெரியாது. ஆனால் சாலையில் நமக்கு முன்னால் போகிற எல்லாரும், திரும்பிப் பார்க்காமலே நம் பிரேக்கை நம்பித்தான் போகிறார்கள்.