மணிக்கணக்கு மட்டும் போதாது

பணி ஓய்வுக்குப் பின் வித்துராவில் குடியிருக்கும் என்னிடம் பொன்முடி அடிவாரத்துத் தமிழ்க் குடும்பத்தினர் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்றுதான்: "பையன் எப்போது பார்த்தாலும் மொபைலிலேயே இருக்கிறான், சார்." எத்தனை மணி நேரம் என்று கேட்டால் உடனே பதில் வருகிறது. வேறென்ன மாறியிருக்கிறது என்று கேட்டால் யோசிக்கிறார்கள்.

மணிக்கணக்கு மட்டும் அளவுகோல் ஆகாது என்பது என் கருத்து. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் வீடியோ விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றுள்ளது. நிறுத்த நினைத்தும் முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம், கெடுதல் வந்தும் தொடர்தல் ஆகியவை சேர்ந்து படிப்பையோ உறவையோ வெகுவாகப் பாதித்து, பொதுவாக 12 மாதம் நீடித்தால்தான் அந்தப் பெயர். ரீல்ஸ் பார்ப்பது அதில் தனி நோயாக இல்லை. ஆகவே நாமே பிள்ளைக்கு முத்திரை குத்த வேண்டாம்.

அதற்காக 12 மாதம் காத்திருக்கவும் வேண்டாம். தண்டவாளத்தில் விரிசல் கண்ணுக்குத் தெரியும் முன்பே அல்ட்ராசோனிக் கருவியால் சோதிப்பது ரயில்வே வழக்கம். வீட்டில் அந்தக் கருவி பெற்றோரின் கண்தான். மாலையில் பந்தாடப் போன பிள்ளை போவதை நிறுத்திவிட்டதா? விளக்கணைத்த பிறகும் போர்வைக்குள் வெளிச்சமா? போனைக் கேட்டால் எரிந்து விழுகிறதா? பார்த்த நேரத்தைப் பற்றிப் பொய் சொல்கிறதா? காலையில் பள்ளி என்றதும் வயிற்றுவலி வருகிறதா?

கொரோனா காலத்தில், பாடத்துக்கென்று கடன்பட்டாவது கைபேசி வாங்கிக் கொடுத்தது நாம்தான். இன்று பிடுங்கி உடைப்பதும் நாமே. அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போக, தாத்தா பாட்டி சொந்த ஊரில் இருக்க, பிள்ளைக்குத் துணை அது ஒன்றுதான். திடீரென்று பிடுங்கினால் அந்த இடத்தில் எதை வைக்கப் போகிறோம்? சில வீடுகளில் போன் நோயே அல்ல. வகுப்பில் கேலியோ, மனச்சோர்வோ பின்னால் இருக்கும். அடித்தால் அது இன்னும் உள்ளே போய் ஒளியும்.

கேரளக் காவல்துறை 2023-இல் தொடங்கிய 'டி-டாட்' மையம் திருவனந்தபுரத்தில் உண்டு. சிறுவர் சிறுமியருக்கு உளவியலாளர்கள் ஆலோசனை தருகிறார்கள். போலீஸ் என்ற பெயரைக் கேட்டே பலர் ஒதுங்குகிறார்கள். அங்கே வழக்கும் இல்லை, லாக்கப்பும் இல்லை. பெங்களூருவில் உள்ள நம்மவர்களுக்கு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதலே இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த பொங்கல் விழாவில் பட்டிமன்றத்தைச் சற்றுக் குறைத்து, ஒரு மனநல மருத்துவரைத் தமிழில் பேச அழையுங்கள். நம் வீட்டுப் பாட்டிமாருக்குத் தமிழில்தான் சந்தேகம் கேட்க வரும். அந்த ஒரு மணி நேரமாவது பெரியவர்கள் வாட்ஸ்அப்பைப் பையில் வைத்துவிட்டு முன்வரிசையில் உட்காரட்டும்.