வாக்கெண்ணிக்கையும் விருப்பின் வளர்ச்சியும்: போக்கிமான் உயிரிகளின் ஏற்பு வரலாறு குறித்த ஒரு கருத்துரை

ஆய்வுச் சுருக்கம்

1996ஆம் ஆண்டு ஜப்பானில் தோன்றிய போக்கிமான் காணொளி விளையாட்டுத் தொடரில் இன்று ஆயிரத்திற்கும் மேற்பட்ட கற்பனை உயிரிகள் இடம்பெற்றுள்ளன. இவற்றுள் இரசிகர் பெரிதும் விரும்பும் உயிரி எது என்பது காலந்தோறும் மாறி வந்துள்ளது. இம்மாற்றத்தை மனம்போன போக்கில் நிகழும் சுவை மாற்றமாகக் கொள்ளாமல், காரணங்களை உடையதோர் ஏற்பு வரலாறாகக் காணவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் மருட்கை, நகை, அழுகை ஆகியவற்றின் நிலைக்களன்கள் இதற்குத் துணையாகக் கொள்ளப்படுகின்றன. ஒரு காலத்து விருப்பத்தை அளவாகக் கொண்டு உயிரிகளைத் தேர்வதும் விடுவதும் பிற்காலத்து விருப்பத்திற்குத் தடையாகும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: போக்கிமான், ஏற்புக் கோட்பாடு, மெய்ப்பாடு, இரசிகர் வாக்கெடுப்பு, விளையாட்டுப் பனுவல்

முன்னுரை

சிறுவயதில் பூச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும் பழக்கம் உடையவர் சதோஷி தஜிரி. அப்பழக்கத்தின் இன்பத்தைக் கையடக்க விளையாட்டுக் கருவிக்குள் கொண்டுவர விழைந்து அவர் உருவாக்கியதே போக்கிமான். ஆடுவோர் காடு, மலை, கடல் எனத் திரிந்து உயிரிகளைப் பிடிப்பர், வளர்ப்பர், பிறரோடு பண்டமாற்றுச் செய்வர், போட்டியில் இறக்குவர். 1996இல் 151ஆக இருந்த உயிரிகளின் தொகை 1999இல் 251, 2002இல் 386, 2006இல் 493, 2010இல் 649 எனப் பெருகியது. இத்தனை பெரிய தொகுதியிலிருந்து ஒவ்வொருவரும் தமக்கென ஓர் உயிரியைத் தேர்ந்து கொள்வதே இவ்விளையாட்டின் உயிர்நாடி.

ஒரு பனுவலின் மதிப்பு அதனை ஏற்போரின் எதிர்பார்ப்பைப் பொறுத்துக் காலந்தோறும் மாறும் என்பது ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் 1960களின் இறுதியில் முன்வைத்த ஏற்புக் கோட்பாட்டின் சாரம். எதிர்பார்ப்பு மாறும்போது உணர்வும் மாறுகிறது. அவ்வுணர்வு எதிலிருந்து தோன்றுகிறது என்பதை வகைப்படுத்திக் காட்டும் கருவியாகத் தமிழில் மெய்ப்பாட்டியல் உள்ளது. செய்யுளுக்கு வகுக்கப்பட்ட இலக்கணத்தை விளையாட்டின்மீது முழுமையாகப் பொருத்துவது இங்கு நோக்கமன்று. உணர்வின் நிலைக்களன்களுக்கு அது தரும் பெயர்கள் இன்றைய இரசிகரின் விருப்பத்தை விளக்கவும் பயன்படும் என்ற அளவிலேயே அது எடுத்தாளப்படுகிறது.

மருட்கை: விருப்பின் முதல் வாயில்

வியப்பாகிய மருட்கை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின்வழித் தோன்றும் என்பது தொல்காப்பியம். போக்கிமான் உயிரிகள் இந்நான்கையும் நம்பியே முதலில் படைக்கப்படுகின்றன. ஒவ்வொரு தலைமுறை விளையாட்டும் புதிய உயிரிகளோடு வருவது புதுமை. உலகைப் படைத்ததாகக் கூறப்படும் ஆர்சியஸ், வானில் உலவும் ரேக்வாசா போன்றவை பெருமை. உள்ளங்கையில் அடங்கும் குட்டி உயிரிகள் சிறுமை.

ஆக்கம் என்பதற்கு ஒரு பொருள் மற்றொன்றாகத் திரிவதைக் கண்டு வியத்தல் என உரைகாரர் பொருள் கொள்வர். தண்ணீரில் துள்ளுவதன்றி ஏதும் அறியாத மேஜிகார்ப் என்னும் மீன், பொறுமையோடு இருபதாம் நிலைவரை வளர்க்கப்பட்டால் கியாரடோஸ் என்னும் கொடிய நீர்நாகமாக உருமாறுகிறது. இவ்வொரு மாற்றம் 1996 முதல் இன்றுவரை இரசிகரின் நினைவில் நிற்கிறது.

புதுமைக்கு இவ்வளவு நீண்ட ஆயுள் இல்லை. அடுத்த தலைமுறை வந்ததும் முந்தைய தலைமுறையின் புதுமை கழிந்துவிடுகிறது. எனவே விருப்பம் நிலைபெற வேறு காரணங்கள் வேண்டும்.

விருப்பத்தை வழங்குவோர்

அக்காரணங்களுள் முதன்மையானது நிறுவனத்தின் தேர்வு. முதல் விளையாட்டில் பிக்காச்சு காட்டில் அரிதாகத் தென்படும் ஓர் எலி மட்டுமே. அத்சுகோ நிஷிதா வடிவமைத்த அவ்வுயிரியே தொடரின் முகமாகும் என்பது தொடக்கத்தில் முடிவாகியிருக்கவில்லை. தொடக்ககால மங்கா ஒன்றில் நாயகனுக்குத் துணையாக வந்தது கிளெஃபேரி. 1997இல் தொடங்கிய அசைவூட்டத் தொடர் பிக்காச்சுவை நாயகனின் தோளில் ஏற்றியது. 1998இல் வந்த மஞ்சள் பதிப்பு அதனை ஆடுவோரின் பின்னாலேயே நடக்கவிட்டது. பிக்காச்சு உலக முகமானது இவ்வாறே. பருத்த உடலோடு தோன்றிய அது பின்னாளில் மெலிந்தும் போயிற்று. மாறாத விருப்பத்திற்குரியதாகக் கருதப்படும் உயிரியின் உருவமே மாறி வந்துள்ளது என்பது கருதத்தக்கது.

இதற்கு மறுதலையாக நிற்பது போரிகான். 1997 டிசம்பர் 16 அன்று ஒளிபரப்பான பகுதியில் வேகமாக மாறி மாறி மின்னிய ஒளியால் 600க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அம்மின்னல் கதையில் பிக்காச்சுவின் தாக்குதலால் எழுந்தது. ஆயினும் அப்பகுதியின் தலைப்பில் பெயர் இருந்த போரிகானே அதன்பின் தொடரில் முதன்மை இடத்தை இழந்தது. காட்டப்படும் உயிரியே விரும்பப்படுவதற்கான வாய்ப்பைப் பெறுகிறது; மறைக்கப்பட்டதற்கு அவ்வாய்ப்பு சுருங்குகிறது. எனவே இரசிகர் விருப்பம் என வழங்கப்படுவதில் ஒரு பகுதி இரசிகருடையதன்று.

வாக்கெடுப்புகள் காட்டுவன

தொடரின் இருபதாம் ஆண்டை ஒட்டி 2016இல் ஜப்பானில் 720 உயிரிகளை வேட்பாளராக நிறுத்திப் பொதுத்தேர்தல் என்னும் பெயரில் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. அதில் முதலிடம் பெற்றது 2013இல் அறிமுகமான தவளை வடிவக் கிரெனின்ஜா. ஆர்சியஸ், மியூ ஆகியவை அடுத்து வந்தன. பிக்காச்சுவுக்கு நான்காம் இடமே கிட்டியது. 2020இல் உலகளவில் நடந்த வாக்கெடுப்பிலும் கிரெனின்ஜாவே 1,40,559 வாக்குகளோடு முதலிடம் பெற்றது. லுக்காரியோ, மிமிக்யூ, சரிசார்ட் ஆகியவை அதற்கு அடுத்த இடங்களைப் பெற்றன. முதல் பத்தில் பிக்காச்சு இல்லை.

வாக்களித்தோர் ஒரே கூட்டத்தினர் அல்லர் என்பதால் இவ்விரு முடிவுகளையும் நேர்நிறுத்தி ஒப்பிடல் பொருந்தாது. எனினும் இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, புதுமை மட்டும் வெற்றி தருவதில்லை. 2020 வாக்கெடுப்பின்போது மிகப் புதியனவாக இருந்த 2019ஆம் ஆண்டு உயிரிகளுள் ஒன்றும் முதல் பத்தில் இடம்பெறவில்லை. இரண்டாவது, பழமை மட்டும் வெற்றி தருவதில்லை. முதல் தலைமுறையிலிருந்து முதல் பத்தில் வந்தவை சரிசார்ட், கெங்கார் ஆகிய இரண்டே. கிரெனின்ஜா அசைவூட்டத் தொடரில் நாயகனோடு உணர்வால் ஒன்றி வடிவம் மாறியது; லுக்காரியோ தனக்குரிய விளையாட்டு வெளிவருமுன் 2005ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் நாயகத் தன்மையோடு தோன்றியது. கதையின்வழி உறவு பெற்ற உயிரிகளே முன்னிற்கின்றன.

இவ்வகையில் மிமிக்யூ தனித்து நோக்கத்தக்கது. 2016இல் வந்த இந்த ஆவி, தன்னை யாரும் விரும்பாததால் பிக்காச்சுவைப் போன்ற கந்தல் துணியைப் போர்த்துக்கொண்டு அன்பை எதிர்பார்த்து நிற்பதாகப் படைக்கப்பட்டது. அழுகையின் நிலைக்களன்களுள் ஒன்று இளிவு, அதாவது பிறரால் இகழப்படுதல். இகழப்பட்ட உயிரிமீது பிறந்த பரிவு, அது யாரைப்போல வேடமிட்டதோ அந்தப் பிக்காச்சுவை அதே வாக்கெடுப்பில் பின்தள்ளச் செய்தது. பிக்காச்சுவின் புகழ் நன்கு பரவியிருந்த காலத்தில்தான் இப்படைப்புக்குப் பொருள் உண்டு. எதிர்பார்ப்பு மாறுவதால் விருப்பம் மாறுகிறது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

நகையிலிருந்து பரிவுக்கு

வாக்கெடுப்புகள் காட்டாத மாற்றம் ஒன்றும் உண்டு. அது கடைநிலை உயிரிகளின் எழுச்சி. நகை தோன்றும் இடங்களாகத் தொல்காப்பியம் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கைக் கூறும். இவற்றுள் எள்ளலில் தொடங்கிய விருப்பம் காலப்போக்கில் பரிவாகக் கனிவதைப் போக்கிமான் வரலாற்றில் காணலாம்.

2006இல் அறிமுகமான பிடூஃப், பெரிய முன்பற்களும் வெறித்த பார்வையும் உடைய நீர்நாய் போன்ற உயிரி. எங்கும் எளிதாகக் கிடைப்பது, போரில் வலிமையற்றது. ஆனால் அதுவும் அதன் வளர்ந்த வடிவமான பிபாரெலும் மரத்தை வெட்டுதல், பாறையை உடைத்தல், நீரைக் கடத்தல் முதலிய வழித்துணைப் பணிகள் பலவற்றைக் கற்கவல்லவை. ஆடுவோர் தம் வலிய உயிரிகளைப் போருக்கு வைத்துக்கொண்டு இவற்றைச் சுமைதூக்கியாக உடன் அழைத்துச் சென்றனர். எள்ளலுக்கு உரியதாக இருந்தபோதே அது பல மணிநேரப் பயணத்தில் உடன்வந்த துணையுமாயிற்று. அன்று சிறுவராக ஆடியோர் வளர்ந்தபின் நினைவில் எஞ்சியது அத்துணைதான். 2021 ஜூலை 1ஆம் நாள் பிடூஃப் நாளாகக் கொண்டாடப்பட்டது. 2022இல் அதனை நாயகனாக்கி ஒரு குறும்படமும் வெளிவந்தது.

சைடக் என்னும் தலைவலி பிடித்த வாத்து பேதைமையின் வடிவம். அது 1996 முதலே உள்ளது. 2022 மே மாதத்தில் சீனாவில் ஓர் உணவகத் தொடர் குழந்தைகள் நாளை ஒட்டி வழங்கிய ஆடும் சைடக் பொம்மைக்குப் பெரும் தேவை எழுந்தது. பெற்றோர் பலர் அதன் கைகளில் சிறு வாசகங்களை ஒட்டி ஆடவிட்டுப் படம்பிடித்துப் பகிர்ந்தனர். குழந்தைகளுக்கு வந்த பொம்மையில் பெரியவர்கள் தம் சோர்வையும் குழப்பத்தையும் கண்டனர். இருபத்தாறு ஆண்டுகளாக மாறாதிருந்த உயிரி, மாறிய காலத்தால் புதுப்பொருள் பெற்றது.

இதே நோக்கில் 2010ஆம் ஆண்டு உயிரிகளையும் காணவேண்டும். அவ்வாண்டு வந்த விளையாட்டு 156 புதிய உயிரிகளைத் தந்தது. முதன்மைக் கதை முடியும்வரை பழைய உயிரி ஒன்றையும் பிடிக்க இயலாது. குப்பைப் பை வடிவ ட்ரபிஷ், பனிக்கூழ் வடிவ வனிலைட் ஆகியவை கற்பனை வறட்சிக்கு எடுத்துக்காட்டாக இகழப்பட்டன. முதல் தலைமுறையிலேயே சேற்றுக் குவியலும் பந்தும் உயிரிகளாக இருந்தன என்பதை இகழ்ந்தோர் கருதவில்லை. 2020 வாக்கெடுப்பின் முதல் பத்தில் 2010ஆம் ஆண்டு உயிரி எதுவும் இல்லை. ஆனால் அவற்றைத் தம் முதல் உயிரிகளாகப் பெற்ற சிறுவர் இன்று பெரியவராகி வருகின்றனர். பிடூஃபுக்கு நிகழ்ந்தது அவற்றுக்கும் நிகழாது என இன்றே அறுதியிட இடமில்லை.

இழவு: 2019இன் பூசல்

இதுவரை கண்டது ஆய்வுலகின் ஆர்வத்திற்கு மட்டும் உரிய செய்தியன்று என்பதை 2019 காட்டியது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், வரவிருக்கும் வாள், கேடயம் ஆகிய பதிப்புகளில் எல்லா உயிரிகளும் இடம்பெறமாட்டா எனத் தயாரிப்பாளர் ஜூனிச்சி மசுதா அறிவித்தார். உயிரிகளின் எண்ணிக்கை, அசைவூட்டத்தின் தரம், போட்டியின் சமநிலை ஆகியன காரணங்களாகக் கூறப்பட்டன. இரசிகரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது.

வெளியிலிருந்து நோக்குவோருக்கு இது சிறுபிள்ளைப் பூசலாகத் தோன்றலாம். ஆனால் 2003ஆம் ஆண்டளவில் பிடித்த ஓர் உயிரியைக் கருவிவிட்டுக் கருவி, பதிப்புவிட்டுப் பதிப்பு மாற்றி உடன் கொண்டுவந்தோர் இருந்தனர். அதற்கான வழியை வகுத்துத் தந்ததும் நிறுவனமே. அவர்கள் உற்றது அழுகையின் மற்றொரு நிலைக்களனாகிய இழவு. உடையதை இழத்தல் என்பதே அதன் பொருள்.

தொடக்கப் பதிப்பில் 400 உயிரிகள் இடம்பெற்றன. முதல் தலைமுறையின் மூன்று தொடக்க உயிரிகளுள் புகழ்மிக்க சரிசார்டின் குடும்பம் நிறுத்தப்பட்டது. மற்ற இரண்டும் 2020இல்தான் திரும்பின. புகழ் தேர்வைப் பாதித்தது எனக் கருத இது இடந்தருகிறது. அதேவேளையில், அவ்வாண்டு வாக்கெடுப்பில் வென்ற கிரெனின்ஜா அப்பதிப்புகளில் இல்லை. ஈராண்டுக்குள் தனக்கென ஒரு நாள் பெறவிருந்த பிடூஃபும் இல்லை. இன்று யார் விரும்பப்படுகின்றனர் என்பதையே முழுமையாக அறியாத தேர்வு, நாளை யார் விரும்பப்படுவர் என்பதை அறிய வழியில்லை.

ஆயிரம் உயிரிகளையும் ஒவ்வொரு பதிப்பிலும் புதிதாக வரைந்து அசைவூட்டுதல் இயலாது என்னும் மறுப்பு நேர்மையானது. அதனை ஏற்கவே வேண்டும். சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, அளவுகோலில் உள்ளது. எல்லாவற்றையும் எப்போதும் நிறுத்த இயலாதெனில் சுழற்சி முறையில் இடம் தரலாம். இகழப்பட்டவற்றுக்கும் கடைநிலையில் உள்ளவற்றுக்கும் ஒவ்வொரு சுழற்சியிலும் பங்கு வைக்கலாம். எந்தப் பதிப்பிலும் இல்லாத உயிரியை ஆடுவோர் அழியாமல் காத்துவைக்கும் இடத்தை நீண்டகாலப் பொறுப்பாக நிறுவனம் ஏற்கலாம். 2020 முதல் இயங்கும் போக்கிமான் ஹோம் சேமிப்பகம் இத்திசையில் ஒரு படி. அது வணிகச் சேவையாக உள்ளவரை அப்பொறுப்பு உறுதியானதாகாது.

முடிவுரை

இரசிகர் விருப்பம் மருட்கையில் தொடங்குகிறது; நிறுவனத்தின் தேர்வால் திசை பெறுகிறது; கதையால் உறவாகிறது; எள்ளப்பட்டவற்றின்மீது காலம் கடந்து பரிவாகவும் கனிகிறது. வாக்கெடுப்பு இவ்வோட்டத்தின் ஒரு கணத்தை மட்டுமே பதிவு செய்யவல்லது. எனவே ஆய்வாளர் தரவரிசையோடு நின்றுவிடாமல், ஓர் உயிரி எப்போது, எவரால், எவ்வுணர்வோடு ஏற்கப்பட்டது என்பதைத் தொடர்ந்து பதிவு செய்தல் வேண்டும். படைப்போர் இன்றைய கடைசி இடத்தை நாளைய முதலிடத்தின் விளைநிலமாகக் கருதிப் பேணுதல் வேண்டும். 2006இல் வாக்கெடுத்துக் கடைநிலையில் நின்றவற்றை நீக்கியிருந்தால், 2021இல் கொண்டாடப் பிடூஃப் இருந்திராது.