தூளிக் கயிறு

சென்ற மாதம் ராசிபுரம் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து பார்த்தால், திண்ணையில் ஒரு தூளி தானாகவே ஆடிக்கொண்டிருக்கிறது! பக்கத்தில் ஒருவரையும் காணோம். தூளியில் கட்டியிருந்த கயிறு வாசலைத் தாண்டிக் கட்டுத்தரை வரை போயிற்று. அங்கே வீட்டு மருமகள் பால் கறந்துகொண்டிருந்தாள். கயிற்றின் மறுநுனி அவள் கால் கட்டைவிரலில்!

"ஆறு மணிக்குள்ள சொசைட்டிக்குப் பால் போயாகோணுமுங்க அக்கா. இவனும் அந்நேரத்துக்குத்தான் முழிக்கிறான்" என்றாள்.

சாமர்த்தியந்தான். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. பிள்ளைக்கு ஐந்து மாதம், புரளத் தொடங்கிவிட்டான். கயிறு தூளியை ஆட்டும், குழந்தையின் முகத்தைப் பார்க்குமா? துணி மூக்கை அடைத்தால் அழக்கூட முடியாதே!

"நாங்க எல்லாம் கூடையில போட்டுக் காட்டுக்குக் கொண்டு போகலீங்களா?" என்றார் மாமியார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "இவன் நெத்தியைப் பாருங்க. தவழ்ந்து போய் ஆட்டுக்கல்லுல முட்டினது."

அந்தத் தழும்புக்குச் சொந்தக்காரர், குழந்தையின் தகப்பனார், பால் கேனும் கையுமாக வாசலில் காத்துக்கொண்டிருந்தார். சும்மா காத்திருக்கிற கை பிள்ளையைத் தூக்கினால் என்னவாம்? கேட்டேவிட்டேன். "அது பொம்பளைங்க வேலைங்க அக்கா" என்று நெளிந்தார்.

வேலை என்று ஒப்புக்கொண்டாரே, அதுவே பெரிது! நூறு நாள் வேலைக்காக 2005-ல் வந்த சட்டத்தில் ஒரு விதி இருந்தது. வேலை செய்கிற இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் சேர்ந்தால், அவர்களைக் கவனிக்க ஒரு பெண்ணை நியமித்து, அவளுக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று. மண் வெட்டுவதோடு பிள்ளை பார்ப்பதையும் சர்க்கார் வேலைக் கணக்கில் சேர்த்தது. வீட்டில்தான் அந்தக் கணக்கை யாரும் எழுதுவதில்லை.

அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது கொஞ்சந்தான். கறக்க உட்காருமுன் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிடு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும்; தண்ணீர்கூட வேண்டாம். புட்டி கழுவும் வேலை மிச்சம். கட்டுத்தரையிலிருந்து வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே பிள்ளையைத் தொடு. இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் தவழ்வான். அப்போது வாளியைக் கவிழ்த்து வை. மாட்டுத் தண்ணீர்த் தொட்டியை மூடி வை. நாலு விரற்கடைத் தண்ணீர் போதும், குழந்தை மூழ்கிப் போக. பூச்சி மருந்து டப்பா திண்ணை மூலையில் கிடந்ததே, அதைப் பூட்டி வை என்று மாமனாரிடமே சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை எட்டிப் பார்த்தேன். தூளி ஆடவில்லை. கேன் தரையில் இருந்தது. பிள்ளை தகப்பனார் தோளில். "ஈரம் பண்ணிட்டானுங்க!" என்று அலறினார். கட்டுத்தரையிலிருந்து பதில் வந்தது: "துணி கொடியில காயுது, மாத்துங்க!"