வண்ணத்துப் பூச்சிப் படத்துக்கு விலை என்ன?

ஒரு சதுரத் தகடு. ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம். அதன் மேல் சிவப்பும் கறுப்புமாக வண்ணத்துப் பூச்சியின் இறக்கைகள். நடுவே ஜிகினா மின்னுகிறது. விலை 3,500 டாலர்! அன்றைய கணக்கில் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல்!

இத்தனைக்கும் இது கையால் தீட்டிய ஓவியம் அல்ல. அச்சில் எடுத்த படம். இதே போல ஆயிரக்கணக்கான பிரதிகள் உண்டு.

2022-ல் வெளியான இந்தப் படங்கள் ஐந்து வகை. ஐந்துக்கும் அரசிகளின் பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஒன்றின் பெயர் நூர்ஜஹான்!

யார் இந்த ஓவியர்?

அவர் டேமியன் ஹர்ஸ்ட். 1965-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தவர். 1991-ல் லண்டனில் உயிருள்ள வண்ணத்துப் பூச்சிகளை அறைக்குள் பறக்கவிட்டுக் கண்காட்சி நடத்தினார். 2012-ல் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் அதே காட்சி மீண்டும் நடந்தது. 23 வாரங்களில் 9 ஆயிரத்துக்கு மேற்பட்ட பூச்சிகள் மடிந்தன என்று செய்தி வந்தது. கண்டனம் எழுந்தது. ஆனாலும் அவர் பெயருக்கு இருந்த மவுசு குறையவில்லை.

எண்ணில் இருக்கிறது சூட்சுமம்

அச்சுப் படத்துக்கு ஏன் இவ்வளவு விலை? முன்பெல்லாம் ஓவியர், "நூறு பிரதிதான் எடுப்பேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். ஒவ்வொரு பிரதியிலும் கையெழுத்திட்டு எண் போடுவார். 25/100 என்றால், நூறில் இருபத்தைந்தாவது பிரதி என்று பொருள். நூற்றோடு அச்சு நின்றுவிடும். நூற்றொன்றாவது ஆளுக்குப் படம் இல்லை. அதனால் விலை ஏறும்.

இப்போது புது முறை வந்திருக்கிறது. "இத்தனை நாள்தான் விற்பனை. அதற்குள் எத்தனை பேர் கேட்டாலும் கொடுப்போம்" என்கிறார்கள். 2021-ல் ஹர்ஸ்டின் செர்ரிப் பூப் படங்கள் இப்படித்தான் விற்றன. படம் ஒன்று 3,000 டாலர். விற்ற பிரதிகள் 7,481. இரண்டு கோடியே 24 லட்சம் டாலர் வசூல்!

இங்கேதான் யோசிக்க வேண்டும். பலர் விரும்பினால் பிரதிகள் பெருகும். பிரதிகள் பெருகினால் அருமை குறையும். ஆசைப்பட்டவர்கள் எல்லோருக்கும் முதலிலேயே படம் கிடைத்துவிட்டால், பிறகு அதிக விலை கொடுத்து வாங்க யார் மிச்சம்?

மதிப்பது எப்படி?

கடைக்காரர் சொல்லும் விலை மதிப்பு ஆகாது. அதே படம் ஏலத்தில் கடைசியாக என்ன விலைக்குப் போயிற்று என்று பார்க்க வேண்டும். ஏலக் கம்பெனிகள் வாங்குபவரிடமும் விற்பவரிடமும் கமிஷன் பிடிக்கும். ஆகையால் வாங்கிய விலைக்கே விற்றாலும் கைக்கு வருவது குறைவுதான்.

படத்தின் நிலையும் முக்கியம். வெயில் பட்டால் வண்ணம் வெளுக்கும். ஈரம் பட்டால் காகிதத்தில் கறை படியும். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டினால், விலையையும் வெட்டியதாகும்!

போலிகள் ஜாக்கிரதை!

ஹர்ஸ்டின் பெயரில் போலிகளும் உலவுகின்றன. போலிப் படங்களை விற்க முயன்ற பாதிரியார் ஒருவரை 2014-ல் நியூயார்க் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்தது. ரசீது, சான்றிதழ், யாரிடமிருந்து யாருக்குக் கை மாறியது என்ற வரலாறு - இவை இல்லாத படத்தைத் தொடாமல் இருப்பதே மேல்.

தங்கத்தை எந்த ஊரிலும் எடைக்கு எடை விற்கலாம். படம் அப்படி அல்ல. அதை விரும்புகிறவர் ஒருவர் வந்தால்தான் காசு. ஆகவே பார்க்கப் பார்க்கப் பிடித்திருந்தால் வாங்கிச் சுவரில் மாட்டலாம். விலை ஏறினால் லாபம். ஏறாவிட்டாலும் படம் மிஞ்சும். பெண்ணின் கலியாணத்துக்கும் பையனின் படிப்புக்கும் சேர்த்த பணத்தை மட்டும் வண்ணத்துப் பூச்சியின் இறக்கையில் கட்டக் கூடாது.