மெதுவாக வருபவளுக்குக் கடைசி இடமா?

நான் பத்தாம் வகுப்பு வரை படித்த இல்லத்தரசி. வயது முப்பத்தாறு. ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டு மூன்று வருடம்தான் ஆகிறது. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, ரேஷன் கடை, மாவு மில் என்று ஊருக்குள் ஓட்டுவதில் எனக்கு ஒரு பயமும் கிடையாது. ஆனால் குடும்பமாக நாலைந்து வண்டியில் வெளியூர் கிளம்பினால் மட்டும் வயிற்றைக் கலக்கும். காரணம், எனக்கு எப்போதும் ஒதுக்கப்படும் அந்தக் கடைசி இடம்!

2024 ஆயுத பூஜை விடுமுறையில் கொல்லிமலைக்குப் போனோம். மொத்தம் ஐந்து வண்டிகள். முதல் வண்டியில் கொழுந்தனாரும் ஓரகத்தியும். அடுத்து கொழுந்தனாரின் நண்பர்கள் இரண்டு பேர், ஆளுக்கொரு வண்டியில். நான்காவதாக என் கணவரும் மகனும். கடைசியில் ஸ்கூட்டியில் நானும் என் பத்து வயது மகளும். "நீங்க அவசரப்படாம மெதுவா பின்னாடி வாங்க அண்ணி" என்றார் கொழுந்தனார். அன்பாகத்தான் சொன்னார். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

காரவள்ளியில் மலை ஏற ஆரம்பித்தால் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவுக்குள்ளேயே முன்னால் போன நாலு வண்டியும் கண்ணுக்கு மறைந்துவிட்டன. தனியாக வருகிறோம் என்ற நினைப்பிலேயே கை நடுங்க ஆரம்பித்தது. இருபதாவது வளைவைத் தாண்டியதும் எல்லோரும் ஓரமாக வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்து, முறுக்குத் தின்று, போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா வந்தாச்சு, கிளம்பலாம்!" என்று எல்லா வண்டியும் உறுமியது. அதிகம் களைத்துப்போனவள் நான். ஓய்வு கிடைத்ததோ களைக்காதவர்களுக்கு! தோழிகளே, இந்த நியாயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

மறுபடி பின்தங்கிவிடக் கூடாதே என்று நானும் வேகத்தைக் கூட்டினேன். முப்பது சொச்சமாவது வளைவில் மேலிருந்து பேருந்து இறங்கி வந்தது. பதறிப்போய் பிரேக்கை அழுத்தினேன். ஓரத்தில் கிடந்த ஜல்லியில் சறுக்கி இருவரும் விழுந்தோம். ஓட்டுநர் சட்டென்று பேருந்தை நிறுத்தியதால்தான் இன்று உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். மகளுக்கு முழங்காலில் ரத்தம். எனக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. பேருந்தில் வந்தவர்கள் வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கிளம்பினார்கள். செல்போனில் சிக்னல் இல்லை. எனக்குப் பின்னால் வர எங்கள் ஆள் ஒருவரும் இல்லை. மேலே போன ஒரு லோடு வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்பி, என் கணவர் திரும்பி வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை "நான் ஆடி அசைந்து வந்துகொண்டிருப்பேன்" என்றே மேலே நினைத்திருக்கிறார்கள்.

வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "ஒழுங்கா ஓட்டத் தெரியாதா உனக்கு?" விழுந்த வலியைவிட அதுதான் அதிகம் வலித்தது.

வீடு திரும்பிய பிறகு, மோட்டார் சைக்கிள் குழுக்களோடு நீண்ட தூரம் போய்வரும் என் தம்பியிடம் இதைச் சொன்னேன். "தப்பு உன் மேல இல்லக்கா, உன்னை நிறுத்தின இடத்து மேல" என்றான். அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

வண்டிகள் வரிசையாகப் போகும்போது முன்னால் இருப்பவர் லேசாக வேகம் குறைத்தால், அடுத்தவர் இன்னும் கொஞ்சம் குறைப்பார். இப்படியே கடைசி ஆள் கிட்டத்தட்ட நின்றேவிடுவார். முன்னால் இருப்பவர் மறுபடி கிளம்பியதும், விட்ட இடைவெளியைப் பிடிக்கக் கடைசி ஆள்தான் எல்லோரையும்விட வேகமாக ஓட்ட வேண்டும். அதாவது, மெதுவாக ஓட்டுபவரைக் கடைசியில் விட்டால், அவரையே அதிக வேகத்தில் ஓட்ட வைக்கிறோம்!

அதனால் புதியவரும் மெதுவாக ஓட்டுபவரும் வழிகாட்டிக்கு அடுத்து, இரண்டாவதாக வர வேண்டும். முன்னால் போகிறவர் கண்ணாடியில் அவரைப் பார்த்துப் பார்த்துத் தன் வேகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்தான் கடைசியில் வர வேண்டும். யாராவது நின்றாலோ விழுந்தாலோ உதவுவதற்கு முதலுதவிப் பையும் பஞ்சர் சாமான்களும் அவரிடம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு சொல்லித்தரும் அமைப்பும் புதியவர்களை வழிகாட்டிக்குப் பின்னால் விடச் சொல்கிறதாம். ஒரு குழுவில் ஐந்து முதல் ஏழு வண்டி போதும் என்றும் சொல்கிறதாம்.

"அப்படியானால் உன்னையே முதலில் விட்டால் என்ன?" என்று என் கணவர் கேட்டார். வழி தெரியாமல், பின்னால் நாலு வண்டி துரத்துவது போன்ற நினைப்போடு ஓட்டினால் அதுவும் ஆபத்துதான். இரண்டாவது இடமே சரி.

"எல்லோரும் உன் வேகத்தில் போனால் ஊர் போய்ச் சேர்ந்த மாதிரிதான்" என்று கொழுந்தனார் சிரித்தார். அன்று அவர்கள் நின்று நின்று எனக்காகக் காத்திருந்த நேரம் கணக்கில் வராதா? வேகமாகப் போக ஆசைப்படுபவர்கள் தனியாக முன்னே போய், செம்மேட்டில் டீ குடித்துக்கொண்டு காத்திருக்கட்டும். வேண்டாம் என்று யார் சொன்னது?

இது ஒன்றும் நமக்குப் புதிதல்ல. ஆடு ஓட்டிப்போகிறவர் மந்தைக்குப் பின்னால்தானே நடக்கிறார்? பழனிக்குப் பாதயாத்திரை போனபோது எங்கள் குழுவில் வயதானவர்களை முன்னால் நடக்கவிட்டு, டார்ச் லைட்டோடு வாலிபப் பிள்ளைகள் பின்னால் வந்தார்கள். நடைக்குத் தெரிந்த நியாயம் வண்டிக்கு மட்டும் மறந்துபோனது ஏனோ?

இந்த வருடம் ஏற்காடு போனபோது பிடிவாதமாக இரண்டாவது இடத்தைக் கேட்டு வாங்கினேன். முன்னால் கொழுந்தனார், கடைசியில் என் கணவர். வளைவுகளில் ஒருவர் பின் ஒருவராக, போதிய இடைவெளி விட்டு வந்தோம். 20 வளைவுகளும் ஏறி முடித்தபோது என் கை நடுங்கவில்லை. நிறுத்திய இடத்தில் நானும் எல்லோரோடும் உட்கார்ந்து முறுக்குத் தின்றேன். என் மகள், "அம்மா, இன்னைக்குத்தாம்மா நாம எல்லாரும் ஒண்ணா வந்தோம்" என்றாள். கணவர் எதுவும் பேசவில்லை. ஆனால் இறங்கும்போது அவராகவே போய்க் கடைசியில் வண்டியை நிறுத்திக்கொண்டார்.

சகோதரிகளே, அடுத்த முறை குடும்பமாக வண்டிகளில் கிளம்பும்போது "நான் மெதுவாகப் பின்னாலேயே வருகிறேன்" என்று நீங்களே சொல்லி ஒதுங்காதீர்கள். யார் முன்னே, யார் பின்னே என்று கிளம்பும் முன் வாசலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். கடைசியாக வந்து சேர்பவருக்கும் பத்து நிமிடம் ஓய்வு கொடுத்த பிறகே வண்டியைக் கிளப்புங்கள். இரண்டாவது இடத்தைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். பின்னால் நம் பிள்ளை உட்கார்ந்திருக்கிறதே!

— ஒரு வாசகி, ராசிபுரம்.