எத்தனை பேப்பர் போட்டே?

சைதாப்பேட்டைப் பாலம் தாண்டினால் கிண்டி. அங்கே பொறியியல் ஆய்வுக்குப் போகிற நம்ம பிள்ளைகளிடம் கேட்கப்படுவது: "எத்தனை பேப்பர் போட்டே? சைட்டேஷன் எவ்வளவு?"

2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-குறியீடு என்றொரு அளவுகோல் செய்தார். 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டால் எண் 20. தன்னைத் தானே காட்டினாலும் சேரும், கூட்டாளிங்க மாத்தி மாத்திக் காட்டிக்கிட்டாலும் சேரும். கட்டுரை தானாக விளையாது. ஆய்வகம் வேணும், நிதி வேணும், பெயர் சேர்த்துக்கொள்ளும் வழிகாட்டி வேணும். இதெல்லாம் தலைமுறை தலைமுறையாக யார் கையில் இருக்கிறது?

டெல்லி ஐ.ஐ.டி. இயக்குநர் தலைமையிலான அரசுக் குழு 2020இல், உலகத்தோடு ஆய்வில் போட்டிபோட வேண்டுமாம், ஐ.ஐ.டி. ஆசிரியர் பணிக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு வேண்டும் என்றது. அதே ஆய்வுதான் இங்கேயும் பேச்சு!

மலக்குழி சுத்தம் செய்ய 'ஹோமோசெப்' என்ற இயந்திரத்தை உருவாக்கியது சென்னை ஐ.ஐ.டி. தமிழ்நாட்டில் 10 இயந்திரங்களை இறக்கப்போவதாக 2022இல் அறிவித்தது. நல்ல வேலை, பாராட்டுகிறோம். அதை எத்தனை கட்டுரை மேற்கோள் காட்டியது என்பதைக் குறியீடு சொல்லிவிடும். அதனால் எத்தனை பேர் குழியில் இறங்காமல் வீடு திரும்பினார்கள்? அதை எழுத எச்-குறியீட்டில் கட்டமே கிடையாது.